மொட்டைக் கடிதமும் முனைவர் பட்டமும்

2023 ஜூலையில் பொருளாதாரப் பேராசிரியர்கள் பலருக்கு நாலைந்து நாள் சரியாகத் தூக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஃப்ளோரியன் ஈடரர், பால் கோல்ட்ஸ்மித்-பிங்கம், கைல் ஜென்சன் என்ற மூன்று பேர் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு வந்தார்கள். பொருளாதாரத் துறைக்காரர்கள் பெயர் போடாமல் வம்பு பேசுவதற்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது, எகனாமிக்ஸ் ஜாப் மார்க்கெட் ரூமர்ஸ், சுருக்கமாக இஜேஎம்ஆர். அங்கே 12 ஆண்டுகளில் எழுதப்பட்ட ஏறத்தாழ 70 லட்சம் பதிவுகளில் 66.1 சதவீதம் எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்தன என்று கண்டுபிடித்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் யாருடைய கணினிக்குள்ளும் நுழையவில்லை, யாருடைய பாஸ்வேர்டையும் திருடவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி பக்கத்திலேயே கிடந்த தகவல் போதுமானதாக இருந்திருக்கிறது.

எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அங்கே யாராவது எழுதினால் அவருக்கு நான்கு எழுத்தில் ஒரு தற்காலிகப் பெயர் கிடைக்கும். அந்த விவாதத் தலைப்பின் எண்ணையும் எழுதுபவரின் ஐபி முகவரியையும் ஒன்றாகச் சேர்த்து, எதைக் கொடுத்தாலும் அதை ஒரு குழப்பமான எழுத்துக்கோவையாக மாற்றித் தரும் ஹாஷ் என்ற சூத்திரத்தில் போட்டு, வெளியே வருகிற நீளமான எழுத்துக்கோவையில் நான்கை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான்கு எழுத்தில் வரக்கூடிய பெயர்கள் மொத்தம் 65,536. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. அதனால் ஒரே ஒரு பதிவை வைத்துப் பார்த்தால் அது அறுபத்தைந்தாயிரம் முகவரிகளில் எதிலிருந்தும் வந்திருக்கலாம், கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் ஒரு ஆள் ஒரு பதிவோடு நிறுத்துவாரா? பத்து விவாதங்களில் போய் எழுதுவார். அந்தப் பத்திலும் ஒரே முகவரி திரும்பத் திரும்பப் பொருந்திவந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்துக் கோடானுகோடி ஹாஷ்களைக் கணக்கிட்டு, புள்ளியியல் மூலம் சலித்து, 47,630 முகவரிகளை எடுத்துவிட்டார்கள். அதிகம் வம்பளந்தவர்தான் சுலபமாக மாட்டினார்.

சரி, சலித்து எடுத்ததில் என்ன தெரிந்தது? அதுவரை அந்தத் துறையில் பெரிய மனிதர்கள் சொல்லிவந்த ஆறுதல் என்னவென்றால், அங்கே எழுதுபவர்கள் எல்லாம் வேலை கிடைக்காத விரக்தியில் இருக்கும் யாரோ சிலர், நம் ஆட்கள் இல்லை என்பது. முகவரிகளைப் பார்த்தால் துறையின் எல்லா அடுக்குகளிலிருந்தும் ஆட்கள் வந்து எழுதியிருக்கிறார்கள், மிகப் பெரிய பெயர் கொண்ட பல்கலைக்கழகங்கள் உட்பட. இனவெறி, பெண்களைப் பற்றிய அசிங்கம், பெயர் சொல்லி அவதூறு எல்லாமே அதில் உண்டு. பகலில் கருத்தரங்கில் "அருமையான உரை, ஒரு சின்னச் சந்தேகம்" என்று ஆரம்பித்துப் பேசுகிற அதே கட்டடத்திலிருந்து இரவில் இதுவும் வந்திருக்கிறது. மூவரும் தனிநபர் யார் யார் என்று வெளியிடவில்லை, மொத்தமாகத்தான் கணக்குக் காட்டினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஒரு முகவரியை வைத்து ஒரு மனிதரைக் கை காட்டுவது ஆபத்தான வேலை. ஆனாலும் அந்த வாரம் சில பேர் பயந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2017இல், பெர்க்லியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த ஆலிஸ் வூ என்ற மாணவி இதே இடத்தை ஆராய்ந்திருந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து, ஆண்களைப் பற்றிய பதிவு, பெண்களைப் பற்றிய பதிவு என்று பிரித்து, எந்தெந்தச் சொற்கள் எதோடு சேர்ந்து வருகின்றன என்று கணினியை வைத்துப் பார்த்தார். ஆண்களைப் பற்றிப் பேசும்போது வேலை, ஆய்வு, பல்கலைக்கழகம் என்று வருகிறது. பெண்களைப் பற்றிப் பேசும்போது உடம்பு, தோற்றம், குடும்பம் என்று போகிறது. சொற்பட்டியலை இங்கே எழுதப்போவதில்லை, எழுதக்கூடியதாகவும் அது இல்லை. அங்கே போய்ப் பார்த்த பெண்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் இது. ஆனால் ஒரு இளங்கலை மாணவி எண்களோடு எழுதிய பிறகுதான் பத்திரிகைகள் கவனித்தன, அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமும் அடுத்த ஆண்டு ஒரு நடத்தை நெறியைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வாயால் சொன்னால் புலம்பல், ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்குப் போட்டுச் சொன்னால் ஆதாரம். அந்தத் துறைக்காரர்களின் குணமே அப்படி.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் "இணையம் வந்து கெடுத்துவிட்டது" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்வித்துறைக்குப் பெயர் மறைத்துப் பேசும் பழக்கம் இணையம் கற்றுக்கொடுத்தது இல்லை. நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தது நியூட்டனா லைப்னிஸா என்ற சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1712இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டு விசாரித்தது. அப்போது சொசைட்டியின் தலைவர் யார்? நியூட்டனேதான். அறிக்கை நியூட்டன் பக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அதோடு விட்டாரா என்றால் இல்லை. 1715இல் சொசைட்டியின் ஆய்விதழில் அந்த அறிக்கையைப் புகழ்ந்து ஒரு நீண்ட மதிப்புரை வந்தது, கிட்டத்தட்ட இதழ் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெயர் இல்லாமல். எழுதியதும் நியூட்டன்தான். லைப்னிஸும் சளைத்தவர் இல்லை, அவர் பங்குக்கு 1713இல் பெயர் போடாத ஒரு துண்டறிக்கையைச் சுற்றுக்கு விட்டிருந்தார். மனித குலத்தின் மிகச் சிறந்த இரண்டு மூளைகள் ஃபேக் ஐடி வைத்து அடித்துக்கொண்டிருக்கின்றன, மின்சாரமே இல்லாத காலத்தில்.

இன்னொன்று, நியூட்டன் அதற்கு முன்பே ஒருமுறை பெயர் போடாமல் எழுதிப் பிடிபட்டவர். 1697இல் யோஹான் பெர்னூலி விடுத்த ஒரு கணக்குச் சவாலுக்கு விடை பெயரில்லாமல் வந்தபோது, நகத்தைப் பார்த்தே சிங்கம் எது என்று தெரிகிறதே என்று பெர்னூலி சொன்னதாகக் கதை. சிறிய துறைகளில் இன்றைக்கும் இதுதான் நிலைமை. ஆய்விதழில் அச்சாகும் முன் ஒரு கட்டுரையை அதே துறைக்காரர்கள் சிலர், அதாவது ரெவ்யூவர்கள், படித்துக் கருத்துச் சொல்வதுதான் மதிப்பாய்வு. பல இதழ்களில் அதற்கு வருகிற கட்டுரையில் பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் முதல் பக்கத்தில் எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார், எந்தத் தரவுத்தொகுப்பைப் பயன்படுத்துகிறார், எந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார் என்று பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். "ஆசிரியர் பின்வரும் நான்கு முக்கியக் கட்டுரைகளைக் கவனிக்கத் தவறிவிட்டார்" என்று ஒரு ரெவ்யூ வந்து, அந்த நான்கும் ஒரே ஆள் எழுதியவையாக இருந்தால், அந்த ரெவ்யூவின் கீழே கையெழுத்து எதற்கு?

மதிப்பாய்வு முறையைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கல்வித்துறையின் அதிகாரபூர்வமான மொட்டைக் கடிதம் அதுதான். பெரும்பாலான ஆய்விதழ்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. நானும் அதில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். பெயரில்லாத ரெவ்யூவர் எழுதிய ஒரு பத்தியால் ஒரு ஆண்டு வேலை குப்பைக்குப் போனதும் உண்டு, அதே மாதிரிப் பத்தி ஒன்று என் ஆய்வில் இருந்த பெரிய ஓட்டையைக் காட்டிக் காப்பாற்றியதும் உண்டு. அதனால் ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை, தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியவில்லை.

இந்த முறை எவ்வளவு கோணலாகப் போகும் என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. 1982இல் பீட்டர்ஸ், சீசி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதி ஏற்கெனவே அச்சாகிவிட்ட 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கற்பனையாக மாற்றி, அவற்றை முதலில் வெளியிட்ட அதே ஆய்விதழ்களுக்கே மறுபடி அனுப்பினார்கள். மூன்றைத்தான் "இது ஏற்கெனவே வந்ததாயிற்றே" என்று கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. ஆய்வு முறையில் கடுமையான குறைகள் என்று காரணம் வேறு சொன்னார்கள். பெரிய பெயர் இருந்தபோது தெரியாத குறை, முன்பின் தெரியாத பெயர் வந்ததும் தெரிந்துவிட்டது.

நாற்பது ஆண்டு கழித்தும் கதை மாறவில்லை. 2022இல் வெளியான ஒரு சோதனையில் ஒரே கட்டுரையை மூன்று விதமாக ரெவ்யூவர்களுக்கு அனுப்பினார்கள். எழுதியவர்கள் இரண்டு பேர், ஒருவர் நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித், மற்றவர் அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர் சாபியூ இனுவா. இளையவர் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே தெரியாதவர்களில் 48. நோபல் பரிசுக்காரர் பெயரைப் பார்த்தவர்களில் 23. எழுத்து ஒன்றுதான், ஒரு வரி கூட மாறவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, யாருக்கு முகமூடி, யாருக்கு வெளிச்சம் என்பது. பெரும்பாலான இயற்கை அறிவியல் துறைகளில் ரெவ்யூவருக்கு எழுதியவர் யார் என்று தெரியும், எழுதியவருக்கு ரெவ்யூவர் யார் என்று தெரியாது. கையில் பேனா வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு, கழுத்தை நீட்டியவருக்கு எதுவும் இல்லை. பொருளாதாரத்தில் ஒருகாலத்தில் பெரிய இதழ்கள் இரண்டு பக்கமும் மறைத்துப் பார்த்தன, அப்புறம் கட்டுரையின் தலைப்பைத் தேடினாலே ஆள் தெரிந்துவிடுகிறது என்று சொல்லிக் கைவிட்டன.

இந்த முகமூடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கதவைத் திறந்து பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான், ஸ்வீடனில் கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட். அந்நாட்டு மருத்துவ ஆய்வு மன்றம் 1995இல் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) உதவித்தொகைக்கு விண்ணப்பித்த 114 பேருக்கும் எப்படி மதிப்பெண் போட்டது என்ற ஆவணங்களைக் கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள். ஸ்வீடனில் அரசு ஆவணங்களைப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு, நீதிமன்றம் வரை போய் வாங்கினார்கள். 1997இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான முடிவு: ஒரு ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமானால் அவர் இரண்டரை மடங்கு ஆய்வு வெளியிட்டிருக்க வேண்டும். குழுவில் இருந்த யாரோடாவது தொடர்பு இருந்தால் அதற்கும் தனியாக மதிப்பெண் கூடியிருந்தது. மதிப்பெண் போட்டவர்கள் ஒருவரும் கெட்ட வார்த்தை எழுதவில்லை. மிகவும் கண்ணியமாக, லெட்டர்ஹெட்டில் நடந்த காரியம்.

இஜேஎம்ஆரில் கிறுக்கியவனையும் இந்தக் குழுவில் இருந்தவரையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனால் அங்கே கிறுக்கியவன் பேசியதைப் பார்த்து முகம் சுளிக்கிற துறை, குழு போட்ட மதிப்பெண்ணை மட்டும் நடுநிலை என்று நம்புகிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகப் பயம், ஏனென்றால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாரிடமும் காட்ட முடியாது.

முகமூடியின் நல்ல பக்கத்துக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். 1936இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பலைகள் என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதி ஃபிசிக்கல் ரெவ்யூ இதழுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் அதை ஒரு ரெவ்யூவருக்கு அனுப்பினார், அவர் பத்துப் பக்கத்துக்குப் பிழைகளை எழுதித் தந்தார். ஐன்ஸ்டைனுக்கு ஜெர்மனியில் இந்தப் பழக்கமே இல்லை. அச்சிடத்தான் அனுப்பினேன், அச்சாகும் முன் யாரோ நிபுணரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று கோபமாக ஒரு கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த ரெவ்யூவர் ஹோவர்ட் பெர்சி ராபர்ட்சன், அதே பிரின்ஸ்டனில் இருந்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் இன்ஃபெல்டோடு பேசிப் பழகி, பேச்சுவாக்கில் அந்தப் பிழையை அவருக்குப் புரியவைத்தார். தான்தான் அந்த ரெவ்யூவர் என்று மூச்சு விடவில்லை. இன்ஃபெல்ட் போய் ஐன்ஸ்டைனிடம் சொன்னார், ஐன்ஸ்டைன் முடிவை மாற்றிக்கொண்டார், கட்டுரை வேறொரு இதழில் 1937இல் திருந்திய வடிவில் வந்தது. ரெவ்யூவர் ராபர்ட்சன்தான் என்று இதழின் பழைய பதிவேட்டைப் பார்த்து டேனியல் கென்னஃபிக் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் 2005இல் எழுதியபோதுதான் உறுதியானது. ராபர்ட்சன் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஐன்ஸ்டைனைத் திருத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தும் வாயைத் திறக்காத ஒரு மனிதர்! இன்றைக்கு அரை மணிநேரத்தில் எக்ஸ் தளத்தில் இருபது பகுதியாகத் தொடர் வந்திருக்கும்.

இந்த மாதிரி நல்ல முகமூடிக்கு இன்றைய உதாரணம் பப்பியர் என்ற இணையதளம். வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் கேள்வி எழுப்பலாம், 2012இலிருந்து நடக்கிறது. இரண்டு வெவ்வேறு சோதனைக்கு ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், இந்த வரைபடத்தில் இந்தப் பட்டை வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது, இப்படித்தான் அங்கே பேச்சு. 2014இல், சாதாரணச் செல்களைச் சுலபமாக ஸ்டெம்செல்லாக மாற்றலாம் என்று சொன்ன ஜப்பானின் ஸ்டாப் கட்டுரைகள் ஜனவரியில் நேச்சரில் வந்து, சில வாரங்களிலேயே அங்கும் வேறு இடங்களிலும் படங்களைப் பற்றிக் கேள்வி எழுந்து, ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. ஸ்டான்ஃபோர்டின் தலைவராக இருந்த டெசியே-லவீன் 2023இல் பதவி விலகியதற்குப் பின்னாலும் பல ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுதப்பட்ட குறிப்புகள் இருந்தன, பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை அதைத் தோண்டி எடுத்தது.

இஜேஎம்ஆர், பப்பியர் இரண்டு இடத்திலும் பெயர் இல்லை, ஒரு இடம் சாக்கடை, இன்னொன்று கிட்டத்தட்ட ஒரு பொதுச்சேவை. ஏன் இப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மட்டுறுத்தல், அதாவது பதிவுகளைப் பார்த்துத் தகாததை நீக்குவது, ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது. பப்பியரில் ஒரு விதி உண்டு, நீங்கள் சொல்வது எல்லோரும் சரிபார்க்கக்கூடிய பொதுத் தகவலை வைத்து இருக்க வேண்டும். "படம் 3இன் இடது பக்கமும் படம் 5இன் வலது பக்கமும் ஒன்று" என்று யாரோ சொன்னால், சொன்னவர் நோபல் பரிசுக்காரரா, பக்கத்து லேப் விரோதியா, பன்னிரண்டாம் வகுப்பு மாணவரா என்று நான் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை, கட்டுரையைத் திறந்து நானே பார்த்துக்கொள்வேன். "இந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்" என்று ஒருவன் எழுதினால் நான் எதைத் திறந்து பார்ப்பது? அதை நம்புவதற்கு இருக்கிற ஒரே வழி, சொன்னவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது. அந்தக் கேள்விக்குத்தான் அங்கே பதில் கிடையாது. ஆளைப் பற்றிப் பேசுகிறவன் தன் பெயரைப் போட வேண்டும், வேலையைப் பற்றிப் பேசுகிறவன் போடத் தேவையில்லை, என் கணக்கு அவ்வளவுதான். இதில் விதிவிலக்கு உண்டு என்பதும் தெரியும். தன் கைடு தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு மாணவி சொல்வது ஆளைப் பற்றிய பேச்சுதான், அவரைப் பெயர் போடு என்று கட்டாயப்படுத்த எனக்கு மனம் வராது. அதற்கு வேறு வழி வேண்டும், அந்த வழியை எந்த நிறுவனமும் ஒழுங்காக உண்டாக்கி வைத்து நான் பார்த்ததில்லை.

"நேர்மையானவன் பெயரைப் போட்டே பேசலாமே" என்று கேட்பவர்கள் உண்டு, பெரும்பாலும் வேலை நிரந்தரமானவர்கள். பெயரைப் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். டேட்டா கொலாடா என்று ஆய்வுத் தரவுகளைச் சரிபார்த்து எழுதும் மூன்று பேராசிரியர்கள், ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒரு பிரபலப் பேராசிரியரின் கட்டுரைகளில் தரவு திருத்தப்பட்டிருக்கிறது என்று 2023இல் தங்கள் சொந்தப் பெயரில் எழுதினார்கள். இரண்டே மாதத்தில் அவர்கள் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் இரண்டரைக் கோடி டாலர் கேட்டு வழக்கு. அவர்களுக்காக ஊரே சேர்ந்து பணம் திரட்ட வேண்டியிருந்தது. 2024இல் நீதிமன்றம் அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2025இல் அந்தப் பேராசிரியரின் நிரந்தரப் பதவி பறிக்கப்பட்டது, அவர் குற்றச்சாட்டை மறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த மூன்று பேரும் துறையில் பெரிய பெயர்கள், தாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே சந்தேகத்தை எழுப்பியவர் ஒரு பிஎச்.டி. மாணவி. அந்தப் பேராசிரியரின் கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் விமர்சித்திருந்தார், ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி அழுத்தம் கொடுத்தார்கள் என்று பின்னர் அவரே எழுதினார். தரவு தப்பா இல்லையா என்பதற்கு முன்பே, பெரியவரை இப்படி எழுதலாமா என்ற கேள்வி வந்துவிட்டது. நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாபல் என்ற உளவியலாளர் ஆண்டுக்கணக்கில் தரவைக் கற்பனையாகவே எழுதிவந்தது 2011இல் வெளியே வந்ததும் மூன்று இளம் ஆய்வாளர்களால்தான், அவர்கள் பெயர் வெளியில் சொல்லப்படவில்லை. பப்பியரில் எழுதியவர்களின் பெயரைத் தரச் சொல்லி ஒரு புற்றுநோய் ஆய்வாளர் மிச்சிகனில் வழக்குப் போட்டார், 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தர வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன.

இந்தப் பயம் கோழைத்தனம் இல்லை, நன்றாகக் கூட்டிக் கழித்துப் பார்த்த முடிவு. ஒரு சிறிய ஆய்வுத்துறையில் மொத்தம் நாற்பது ஐம்பது பேர் எல்லாவற்றையும் தீர்மானிப்பார்கள். உங்கள் கட்டுரையை ரெவ்யூ செய்பவர், உங்கள் நிதி விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடுபவர், உங்கள் வேலைக்கு வெளியிலிருந்து கருத்துக் கடிதம் எழுதுபவர், மாநாட்டில் யாரைப் பேச அழைக்கலாம் என்று முடிவு செய்பவர், எல்லோரும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். மற்ற தொழில்களில் முதலாளி பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம். இங்கே வேறு கம்பெனிக்குப் போகவும் பழைய முதலாளியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், அதுவும் நீங்கள் படிக்க முடியாத கடிதம். முப்பத்தைந்து வயது வரை ஒருவர் இப்படியே தயவில் வாழ்ந்தால் அவருக்கு வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் எலும்பில் ஊறிவிடும், அப்புறம் நிரந்தர வேலை கிடைத்த பிறகும் திறக்காது. திறந்தாலும் இரவில், நான்கு எழுத்துப் பெயரில் திறக்கும்.

கையெழுத்துப் போட்டு ரெவ்யூ எழுதுவோம் என்றும் முயன்று பார்த்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே 1999இல் ஒரு சோதனை நடத்தி, பெயர் தெரியும் என்று சொன்னால் ரெவ்யூவின் தரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் ரெவ்யூ செய்யவே மாட்டேன் என்பவர்கள் அதிகமாகிறார்கள் என்று கண்டது. கண்டபிறகும் அந்த இதழ் பெயர் போடும் முறைக்கே மாறியது, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். தனிப்பட்ட முறையில் கையெழுத்திடும் சிலரைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பாராட்டி எழுதும்போதுதான் கையெழுத்து விழுகிறது. நாளைக்கு உதவும் என்று போடுகிற மொய் மாதிரி.

எனக்கு இன்னும் நடைமுறையாகத் தோன்றுவது நிலையான புனைபெயர். ஸ்டூடன்ட் என்ற பெயரில் 1908இல் புள்ளியியலையே மாற்றிய கட்டுரையை எழுதியவர் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், சொந்தப் பெயரில் எழுத ஆலை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே பெயரில் எழுதினார், அந்தப் பெயருக்கு என்று ஒரு மதிப்பு உண்டானது, தப்பாக எழுதினால் அந்தப் பெயர் கெட்டிருக்கும். கிளேர் ஃபிரான்சிஸ் என்ற புனைபெயரில் யாரோ ஆய்வு முறைகேடுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எடிட்டர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார், ஒருவரா பலரா என்று கூடத் தெரியாது. எடிட்டர்கள் சலித்துக்கொண்டாலும் சொன்னதில் பல சரியாக இருந்ததால் படிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விவாதத்துக்கும் ஒரு புதுப் பெயர் என்றால் கெடுவதற்கு எதுவுமே இல்லை, அங்கேதான் வாய் நாறுகிறது.

சரி, அந்த வம்பு மடத்துக்கு இவ்வளவு கூட்டம் ஏன் போகிறது? பெயரிலேயே இருக்கிறது, ஜாப் மார்க்கெட். பிஎச்.டி. முடிக்கும் ஆண்டில் ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பம் போடுகிறார். நேர்காணல் முடிகிறது. அப்புறம் மௌனம். வாரம், மாதம். இரண்டாம் சுற்றுக்கு யாரையாவது அழைத்தார்களா, வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா, எதுவும் சொல்ல மாட்டார்கள். பெரிய இடத்து மாணவனுக்கு அவன் கைடு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லிவிடுவார். அந்தப் போனுக்கு வழியில்லாதவன்தான் "இந்தத் துறையிலிருந்து யாருக்காவது அழைப்பு வந்ததா" என்று முகம் தெரியாதவர்களிடம் போய்க் கேட்கிறான். வானியலாளர்களுக்கும் இப்படி ஒரு வதந்திப் பக்கம் உண்டு, வேறு சில துறைகளிலும் உண்டு. அங்கே பெரும்பாலும் யார் எந்த இடத்தின் குறும்பட்டியலில் என்பதோடு முடிந்துவிடுகிறது, இந்த அளவு நாற்றம் இல்லை. அதனால் வதந்திப் பக்கம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று சொல்ல முடியாது. மட்டுறுத்துபவர்கள் எதை விட்டுவைத்தார்கள், துறை எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

மாணவர்கள் சிலர் என்னிடம் அங்கே போய்ப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். போகாதே என்றால் போகாமல் இருக்கப்போவதில்லை. அழைப்பு வந்த தேதிகளைப் பார், ஆட்களைப் பற்றிய பேச்சு வந்ததும் ஜன்னலை மூடிவிடு என்று சொல்கிறேன். துறைத் தலைவர்களிடம் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. நேர்காணல் முடித்த இருபது முப்பது பேருக்கு "இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு அனுப்பிவிட்டோம், உங்களுக்கு இல்லை, மன்னிக்கவும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போட அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு மணிநேரம் ஆகுமா? நான் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, பட்டியலில் முதல் ஆள் வரமாட்டேன் என்றால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்குமே, அதனால் இப்போதே சொல்ல முடியாது என்றார்கள். அப்படியானால் "காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று எழுதலாமே என்றேன். அடுத்த முறை பேசலாம் என்று வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.